பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ஹெட்லைட்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

எங்கள் கார் செட்டில் நிற்பது 1966ஆம் வருட எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஐயா பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கலாம், இன்ஜின் இன்றும் ஒரே சாவியில் பிடிக்கும். ஹெட்லைட் மட்டும் மெழுகுவர்த்தி போல எரிந்துகொண்டிருந்தது. ஒரு தை மாத விடியலுக்கு முன்னால் குன்றக்குடிப் பக்கம் திரும்பும்போது, பழனிக்கு நடந்துகொண்டிருந்த காவடிக்காரர்களை இருபது அடி தூரத்தில்தான் பார்த்தேன். வண்டியை ஓரங்கட்டி நிறுத்தியபோது கை நடுங்கியது. மறுநாளே வேலையைத் தொடங்கினேன்.

தொடங்கியவுடன் ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறுகள் வந்தன. என் காரிலும், பிறகு நண்பர்களின் ஹெரால்டு, பத்மினி கார்களிலும் ஜீப்பிலும் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன். இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ஏழு அங்குல வட்ட டூம்தான், அதாவது கண்ணாடியும் பின்னால் பளபளக்கும் கிண்ணமும் சேர்ந்த ஹெட்லைட். புல்லட்டுக்கும் ஜிப்ஸிக்கும் பொருந்துகிற அதே அளவு. ஆகவே டூம் கிடைப்பது பெரிய பாடில்லை. பல்பும் கண்ணாடியும் ஒன்றாகவே இருக்கும் பழைய சீல்டு பீமைக் கழற்றிவிட்டு, டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றிலேயே உள்ள எச்4 பல்பு போடும் டூமை மாட்டுவதுதான் நம்மில் பலரும் செய்யும் மேம்பாடு. ஹோல்டரின் மூன்று தகடுகளும் அப்படியே பொருந்தும். அந்த வசதிதான் ஆளை ஏமாற்றுகிறது. மாட்டினால் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

ஒயரில் கை வைக்கும் முன் பேட்டரியின் எர்த் கேபிளை, அதாவது வண்டியின் பாடியோடு சேரும் கேபிளை, கழற்றிவிடுங்கள். என் கார் போல 1967க்கு முந்தைய எம்.ஜி.பி. என்றால் எர்த் என்பது பேட்டரியின் பிளஸ் முனை. மைனஸ்தான் எர்த் என்ற பழக்கத்தில் ஸ்பேனரை வைத்துவிடாதீர்கள். பெயிண்ட் அடித்துக் கை மாறிய வண்டியில் யாராவது இதை மாற்றியும் வைத்திருக்கலாம். கேபிள் பாடியில் எந்த முனையிலிருந்து வந்து சேர்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

புது பல்பு போட்டும் வெளிச்சம் பழைய மாதிரியே இருக்கிறது

இங்கேதான் பெரும்பாலோர் தவறான கடைக்குப் போகிறார்கள். 60/55 வாட் பல்பு போதவில்லை என்று 100/90 வாட் வாங்கி வருகிறார்கள். நானும் அதைத்தான் செய்யப் போனேன். காரைக்குடியில் நாற்பது வருடமாக ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் தடுத்தார். "தம்பி, பல்பு கேட்கிற வோல்ட்டைக் கொடுத்தீர்களா? கொடுத்துவிட்டு அப்புறம் பல்பைக் குறை சொல்லுங்கள்" என்றார்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். இன்ஜினை ஓடவிட்டுச் சற்றே ரேஸ் கொடுத்து, டிம் எரியும்போதே இரண்டு இடத்தில் அளக்க வேண்டும். முதலில் பேட்டரியின் இரு முனைகளில். பிறகு ஹெட்லைட் ஹோல்டரின் பின்பக்கம், டிம் தகடுக்கும் எர்த் தகடுக்கும் நடுவே. ஹோல்டரை உருவிவிட்டு அளக்காதீர்கள். பல்பு கரண்ட் இழுக்கும்போதுதான் நோய் தெரியும். சும்மா இருக்கும் ஒயரில் எந்த மீட்டரும் நல்ல எண்ணைத்தான் காட்டும்.

என் காரில் பேட்டரியில் 13.4 வோல்ட், பல்பில் 11.2. நடுவழியில் 2.2 வோல்ட் காணாமல் போயிருந்தது. வோல்ட்டில் ஆறில் ஒரு பங்குதானே போயிருக்கிறது என்று நினைக்கலாம். ஹாலஜன் பல்பில் வெளிச்சம் வோல்ட்டோடு நேராக ஏறி இறங்குவதில்லை, அதைவிட மிக வேகமாக விழும். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். 2.2 வோல்ட் போனால் கிட்டத்தட்டப் பாதி வெளிச்சம் போய்விடுகிறது. புது பல்பு வாங்கிய காசில் பாதி ஒயருக்குள் சூடாகத் தீர்ந்துகொண்டிருந்தது.

காரணம் அந்தக் காலத்து வயரிங். பேட்டரியிலிருந்து புறப்படும் கரண்ட் டாஷ்போர்டு சுவிட்ச் வரை வந்து, அங்கிருந்து காலடியில் இருக்கும், டிம்மையும் பிரைட்டையும் மாற்றும் டிப்பர் சுவிட்சுக்கு இறங்கி, மறுபடி முன்னால் போய்த்தான் விளக்கை அடைகிறது. அத்தனை தூரமும் மெல்லிய ஒயர், வழியெல்லாம் குண்டூசித் தலை போன்ற புல்லட் இணைப்புகள். ஐம்பது அறுபது வருடத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் பச்சை பூத்திருக்கும். எந்த இடத்தில் அதிகம் இழக்கிறது என்று தெரிய வேண்டுமானால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் இல்லாத முனையில் வைத்துக்கொண்டு, மறுமுனையைச் சுவிட்ச், டிப்பர், புல்லட், ஹோல்டர் என்று வரிசையாக நகர்த்துங்கள். எங்கே எண் திடீரென்று ஏறுகிறதோ அங்கே குற்றவாளி. மொத்தம் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் சும்மா விடக் கூடாது.

லூகாஸ் கம்பெனி வயரிங் உள்ள பிரிட்டிஷ் வண்டிகளில் நிறம் பார்த்தே வழி கண்டுபிடிக்கலாம். முழு நீலம் சுவிட்சிலிருந்து டிப்பருக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம், கறுப்பு எர்த், பழுப்பு எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர். பழுப்பைத் தொடும்போது கவனம். என் காரில் ஹெட்லைட் சர்க்யூட்டுக்குப் பியூஸே கிடையாது. உரசினால் ஒயர்தான் எரியும்.

இதற்கு மருந்து இரண்டு ரிலே. சிறு கரண்ட் கொடுத்தால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்தான் ரிலே. அதன் ஒவ்வொரு முனைக்கும் ஒரு எண் உண்டு. பழைய ஒயர் ஒன்றையும் வெட்ட வேண்டியதில்லை. டிப்பரிலிருந்து வரும் நீல வெள்ளையையும் நீலச் சிவப்பையும் ஹெட்லைட்டுக்கு அனுப்பாமல், ஆளுக்கொரு ரிலேயின் 86ஆம் முனையில் கொடுங்கள். 85 எர்த்துக்கு. ஸ்டார்ட்டர் சொலினாய்டில் பேட்டரி கேபிள் வந்து சேரும் தடித்த முனையிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயர் எடுத்து, ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே 15 ஆம்பியர் பியூஸ் போட்டு, 30ஆம் முனைக்குக் கொண்டுபோங்கள். டிம்முக்கு ஒரு பியூஸ், பிரைட்டுக்கு ஒரு பியூஸ். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பியூஸ் போட்டு, அது திருமயம் சாலையில் ராத்திரி போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். 87இலிருந்து புது ஒயர் நேராக ஹெட்லைட்டுக்கு. இனிப் பழைய சுவிட்ச் சுமப்பது ரிலே காயிலின் சொற்பக் கரண்ட் மட்டும்தான்.

ரிலே வைத்த பிறகு என் பல்பில் 13.0 வோல்ட் வந்தது. அதே 60/55 பல்புதான். அன்று இரவு கானாடுகாத்தான் வரை போய்வந்தேன். சாலையோரத்து மைல்கல்லின் எழுத்தை வண்டிக்குள் இருந்தே படிக்க முடிந்தது.

ஒரு பக்கம் மட்டும் மங்கல், டிம் போட்டாலும் நீல விளக்கு லேசாக எரிகிறது

இது பார்த்தவுடன் பயமுறுத்தும், ஆனால் கண்டுபிடிக்க எளிது. இடது விளக்கு மஞ்சளாகச் சோம்பி எரிகிறது. உற்றுப் பார்த்தால் டிம் இழை, பிரைட் இழை இரண்டுமே செம்பருத்திப் பூ போலச் சிவந்திருக்கின்றன. டாஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கு, போடாமலே மினுக்குகிறது. பிரைட் ஒயரும் டிம் ஒயரும் எங்கோ ஒட்டிக்கொண்டன என்று பலர் வயரிங்கையே பிரித்துப்போடுகிறார்கள். வேண்டாம். அந்த விளக்கின் எர்த் போய்விட்டது, அவ்வளவுதான்.

நடப்பது இது. டிம் இழைக்குள் நுழைந்த கரண்டுக்கு வெளியேற எர்த் இல்லை. இரண்டு இழைகளும் பல்புக்குள் ஒரே எர்த் தகட்டில் சேர்வதால், கரண்ட் அங்கே திரும்பிப் பிரைட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறுகிறது. நீல வெள்ளை ஒயரைப் பிடித்து வலது விளக்கின் பிரைட் இழைக்குப் போய், அந்தப் பக்கத்து எர்த்தில் இறங்குகிறது. போகிற போக்கில் நீல விளக்குக்கும் கொஞ்சம் கொடுக்கிறது. ஒருவர் சாப்பாட்டை மூன்று பேர் பங்கிட்டால் ஒருவருக்கும் வயிறு நிறையாது. அதனால்தான் மங்கல்.

சந்தேகம் தீர, நீளமான ஒயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையை அந்த ஹோல்டரின் கறுப்பு ஒயரிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் தொடுங்கள். விளக்கு சட்டென்று வெளுத்தால் நோய் உறுதி. என் காரில் கறுப்பு ஒயர் கிரில்லுக்குப் பின்னால் பாடியில் ஒரு ஸ்க்ரூவில் முடிகிறது. ஸ்க்ரூவைக் கழற்றியபோது லக்கின் (ஒயர் நுனியில் அழுத்தும் உலோகக் காது) அடியில் மூன்று அடுக்குத் தெரிந்தது: மேலே துரு, அதன் கீழே பச்சை, அடியில் யாரோ எப்போதோ அடித்த சிவப்புப் பெயிண்ட். பெயிண்டின் மேலேயே எர்த் அடித்திருக்கிறார்கள். ஸ்க்ரூவின் மரை வழியாக மட்டும் இத்தனை வருடம் கரண்ட் போயிருக்கிறது. உப்புத்தாளால் ரூபாய்க் காசு அளவுக்கு இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, புது லக் போட்டு, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். முடிந்தது.

உலோகம் அரிப்பதை ஆராய்வதையும் தன் வேலையாகக் கொண்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. செம்பும் இரும்பும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் இரும்பு அரிக்கும் என்பது அங்கே படித்தவர்களுக்குப் பாலபாடம். நம் கார்களில் ஒவ்வொரு எர்த் ஸ்க்ரூவும் அந்தப் பாடத்தைத் தினமும் நடத்துகிறது. பாடி முழுவதும் பைபர் என்றால் (சான் ஸ்டார்ம் என்ற இந்திய ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான்) பாடியில் எர்த் அடித்து ஒரு பயனும் இல்லை. விளக்கிலிருந்து பேட்டரி வரை தனி எர்த் ஒயர் ஓட்டியாக வேண்டும்.

ரிலே போட்டபின் விளக்கு அணையவே இல்லை

ஐந்து முனை ரிலேயில் 87ஏ என்று நடுவில் ஒரு தகடு இருக்கும். ரிலே ஓய்வில் இருக்கும்போது கரண்ட் அதில்தான் வரும். விளக்கு ஒயரை அதில் மாட்டிவிட்டீர்கள். 87க்கு மாற்றுங்கள். நான்கு முனை ரிலே வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

மாறாக, ரிலே 'டிக்' என்றே சொல்லவில்லை, பழைய ஒயர் சூடேறுகிறது என்றால், உள்ளே டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைத்த ரிலேயாக இருக்கலாம். அதற்கு 85, 86 திசை முக்கியம். பிளஸ் எர்த் வண்டிக்கு டயோடு இல்லாத ரிலே வாங்குங்கள். ரிலேயின் மேல் வரைந்திருக்கும் படத்திலேயே டயோடு இருக்கிறதா என்று தெரியும்.

நின்றால் மங்குகிறது, ரேஸ் கொடுத்தால் வெளுக்கிறது

டைனமோ வண்டியின் இயல்பு இது. என் காரில் இருப்பது அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும் டைனமோ. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது அது பேட்டரிக்கு ஒன்றும் தராது, விளக்கு பேட்டரியைத்தான் தின்னும். இரண்டு 60 வாட் பல்பு 10 ஆம்பியர். 100 வாட் போட்டால் கிட்டத்தட்ட 17. மழையில் வைப்பரும் ஓடினால் பேட்டரி ராத்திரி முழுக்கக் கடனில்தான் ஓடும். 100 வாட் வேண்டாம் என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அதற்கு மேல், அந்தச் சூட்டில் ஹோல்டரின் பிளாஸ்டிக்கும் டூமின் உள்பூச்சும் கெடும்.

ரேஸ் கொடுத்தும் பேட்டரியில் 13க்கு மேல் ஏறவில்லை என்றால் பெல்ட், டைனமோ கார்பன், கட்-அவுட் (டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) என்ற வரிசையில் பாருங்கள். 14.5க்கு மேல் ஏறினால் கட்-அவுட் சரியில்லை. "மாதம் ஒரு பல்பு போகிறது" என்று சொல்பவர்கள் பலரின் வண்டியில் அதுதான் நோய். மற்றவர்கள் கண்ணாடியை விரலால் தொட்டுப் பல்பு மாட்டியவர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

பத்து நிமிடம் எரிந்து அணைகிறது, தானாகவே மறுபடி எரிகிறது

டிப்பர் சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள். காலடியில் மண்ணும் மழைநீரும் குடித்துக் கிடக்கும் அதுதான் முதலில் சூடேறும். ரிலே வைத்திருந்தும் இப்படி ஆனால் ஹோல்டரை உருவிப் பாருங்கள். தகடு பழுப்பேறி, பிளாஸ்டிக் இளகியிருக்கும். பீங்கான் ஹோல்டர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். ஒயரை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். லக் வைத்து அழுத்துங்கள்.

எல்.இ.டி. பல்பு எரியவில்லை, எரிந்தாலும் சாலை தெரியவில்லை

எரியவில்லை என்றால் பிளஸ் எர்த்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஹாலஜன் இழைக்குத் திசை இல்லை, எல்.இ.டி.க்கு உண்டு. விளக்குக்காகவே வண்டியை மைனஸ் எர்த்துக்கு மாற்றுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இக்னிஷன் காயிலை மாற்றிக் கொடுக்க வேண்டும், டைனமோவுக்குத் துருவம் மாற்ற வேண்டும், ஆர்.பி.எம். மீட்டர் வேறு தொல்லை தரும்.

எரிந்தும் சாலை தெரியாததற்குக் காரணம் வேறு. எச்4 டூமின் கண்ணாடி, மெல்லிய இழை ஒன்று குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் என்ற கணக்கில் வளைத்துச் செய்யப்பட்டது. டிம் இழையின் கீழே ஒரு சின்னக் கரண்டி இருக்கும், மேலே சிதறும் ஒளியை மறைப்பது அதுதான். மலிவான எல்.இ.டி.யில் சில்லு வேறு இடத்தில், வேறு பருமனில் இருக்கிறது. வண்டிக்கு முன்னால் பத்தடி வெள்ளைவெளேர் என்று இருக்கும், அதற்கப்பால் இருட்டு, எதிரே வருபவர் கண்ணில் ஊசி. காவடிக்காரர்கள் நடக்கும் சாலையில் அதைப் போட்டு ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. எல்.இ.டி.தான் வேண்டுமென்றால் பல்பை மட்டும் மாற்றாமல், எல்.இ.டி.க்கென்றே செய்த முழு டூமாக வாங்குங்கள்.

கண்ணாடிக்குள் நீர் கோக்கிறது

ஐப்பசி, கார்த்திகை மழையில் தலைகாட்டும். பல்பின் பின்னால் ரப்பர் தொப்பி இல்லாமல் மாட்டியிருப்பீர்கள், அல்லது ரிங்கின் அடியில் உள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். இரண்டும் சொற்ப விலை. டூம் உட்காரும் இரும்புக் கிண்ணத்தின் அடியில் மண் அடைத்துக் கிடந்தால் அதைத் தோண்டி எடுத்து, துரு தேய்த்து, பெயிண்ட் அடியுங்கள்.

டிம்மில் போனாலும் எதிரே வருபவர் லைட் அடித்துக் காட்டுகிறார்

பல்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று காதுகளில் அகலமானது மேலே வர வேண்டும். திருப்பி அழுத்தி மாட்டிய பல்பு வானத்தைத்தான் காட்டும்.

அடுத்து டூமின் கண்ணாடியைப் படியுங்கள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். டிம் வெளிச்சம் இடது ஓரத்தில் மட்டும் சற்று மேலே ஏறி, நடந்துபோகிறவரைக் காட்ட வேண்டும். வெளிநாட்டு டூமில், வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குச் செய்தது என்றால், அந்த ஏற்றம் வலது பக்கம் வரும். எதிரே வருபவர் முகத்தில் நேராக அடிக்கும், ஓரத்தில் நடப்பவர் இருட்டில் இருப்பார். ஐரோப்பியத் தரத்து டூமில் அம்புக்குறி பாருங்கள். காருக்கு எதிரே நின்று பார்க்கும்போது அம்பு உங்கள் வலதுகைப் பக்கம் காட்டினால் நமக்கானது. அம்பே இல்லையென்றால் நமக்கானது அல்ல. எப்படி ஸ்க்ரூவைத் திருகினாலும் அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

டூம் சரி, பல்பு சரி என்றால் பார்வை வைப்பதுதான் மிச்சம். வளவுச் சுவரில் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றத்துச் சுவர்) வைத்துப் பார்க்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்து தேய்த்த அந்தச் சுவரின் பளபளப்பில் வெட்டுக்கோடு, அதாவது டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு, தெளிவாக விழாது. சாதாரணச் சுண்ணாம்பு அடித்த தோட்டத்துச் சுவர்தான் நல்லது. நான் பின்கட்டுக்கு வெளியே உள்ள மதிலைப் பயன்படுத்தினேன்.

டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சுவரிலிருந்து டூம்வரை சரியாக 10 மீட்டர் வரும்படி நேராக நிறுத்துங்கள். உங்கள் எடையுள்ள ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வையுங்கள். தரை மட்டமா என்று பார்க்கக் கொத்தனாரின் டியூப் லெவலை இரவல் வாங்குங்கள். டியூபின் ஒரு முனையில் நீரை டூமின் நடுப்புள்ளிக்குப் பிடித்தால், மறுமுனையில் அதே மட்டம் சுவரில் கிடைக்கும். அங்கிருந்து கீழே தரைவரை அளந்தால் டூமின் உயரமே வர வேண்டும். வராவிட்டால் தரை சாய்வு, இடத்தை மாற்றுங்கள்.

அந்த மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே சாக்பீஸால் ஒரு படுக்கைக் கோடு. இரண்டு டூம்களுக்கும் நேரே ஒவ்வொரு செங்குத்துக் கோடு. ஒரு விளக்கைக் கோணிச் சாக்கால் மூடிவிட்டு மற்றதை மட்டும் எரியவிடுங்கள். சாக்கு கண்ணாடியில் பட்டு நெடுநேரம் இருக்கக் கூடாது, கருகும். குரோம் ரிங்கைக் கழற்றினால் டூமின் மேலே ஒரு ஸ்க்ரூவும் பக்கத்தில் ஒன்றும் தெரியும். மேலே உள்ளது ஏற்றி இறக்க, பக்கத்தில் உள்ளது இடவலம் நகர்த்த. டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு படுக்கைக் கோட்டில் படுத்து, செங்குத்துக் கோட்டில் வளைந்து, இடப்பக்கம் ஏறத் தொடங்க வேண்டும். பிரைட்டைத் தனியாக வைக்க வேண்டாம், டிம் சரியானால் அது தானாக வந்து நிற்கும்.

எனக்கு இடது விளக்கு நான்கு சுற்றில் வந்துவிட்டது. வலது ஸ்க்ரூ துருவில் இறுகிக் கிடந்ததால் ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைக்க வேண்டியிருந்தது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ஷாக் அப்சார்பர் மாற்றினாலோ மறுபடி அளக்க வேண்டும். அதனால் மதிலில் அந்தக் கோட்டைப் பெயிண்டிலேயே போட்டுவைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவர்களிடம் ஆச்சி முதலில் சொல்வது, தம்பி போட்ட கோட்டின் மேல் மட்டும் மட்டையை வைக்காதீர்கள் என்பதைத்தான்.